இழுத்துப் பாத்தியா?

திண்டுக்கல்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கதவைப் பூட்டியதும் அப்படியே கிளம்பிவிட மாட்டார்கள். பூட்டைப் பிடித்து ஓர் இழு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவார்கள். பூட்டுச் செய்கிற ஊர்க்காரர்களுக்கே பூட்டின் மேல் இவ்வளவு சந்தேகமா என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவதுண்டு. பேசட்டும். செய்கிறவனுக்குத்தானே தெரியும், எது எப்படிப் பிடிக்குமென்று! அந்தப் பழக்கம் என்றைக்கும் இருந்ததுதான். ஆனால் அதை ஒரு கேள்வியாக்கி, ஊர் முழுக்க ஒருவரையொருவர் பார்த்துக் கேட்கும்படி செய்தது யார்? என் மதினி செபஸ்தியம்மாள். இதை நான் பஸ் ஸ்டாண்டில் நின்று மைக் பிடித்துக்கூடச் சொல்லுவேன்.

மதினி என் அண்ணன் மிக்கேல்ராஜின் மனைவி. அண்ணன் மோட்டார் காயில் கட்டுகிறவர். மதினி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். நான் ஐரின், அடுத்த வாசலில் தையல் மிஷின் போட்டிருப்பவள். தொண்ணூற்றொன்பதில் தொடங்கி ஏழெட்டு வருசம், வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் ஊர் லோக்கல் கேபிளில் பேய்ப்படம் ஓடும்போது நடுவில் வந்து பேசியவள் என் மதினிதான். இப்போது வீட்டுக்கு வீடு இருநூறு சேனல் வந்துவிட்டது, பேய்க்கும் பஞ்சமில்லை. ஆனால் பேய் வருகிற நேரத்தில் படத்தை நிறுத்தி, "பயப்படாத, நான் இங்கதான இருக்கேன்" என்று சொல்ல அதில் ஓர் ஆள் உண்டா? சொல்லுங்கள் பார்ப்போம்.

அவளுடைய குரலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய வெள்ளியன்று எங்கள் பங்குக் கோவிலில் வியாகுலப் பிரசங்கம் வாசிப்பார்கள். ஆண்டவர் தோட்டத்தில் பிடிபட்டதிலிருந்து கல்லறையில் வைக்கப்பட்டது வரையுள்ள பாடுகளை, கல்லும் கரைகிற பழைய தமிழில் எழுதி வைத்திருப்பதை, ஒருவர் மேடையேறி வாசிக்க வேண்டும். முன்னெல்லாம் உபதேசியார்தான் வாசிப்பார். ஒரு வருசம் அவர் காய்ச்சலில் படுத்துவிட, பாட்டுக் குழுவில் நின்றுகொண்டிருந்த மதினியை ஏற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் ஜனங்கள் அவளை இறங்கவிடவில்லை. தாய் மகனைப் பார்க்கிற இடத்துக்கு அவள் வந்துவிட்டால் பெண்கள் பக்கம் முந்தானை நனைந்துபோகும். ஆண்கள் பக்கம் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஜலதோஷம் பிடித்துவிடும். அழுகிறோம் என்று எந்த ஆம்பிளை ஒத்துக்கொண்டான்?

"நகை நட்டு ஒண்ணும் எனக்கு வேணாம் ஐரினு. வருசத்துல அந்த ஒரு நாளு, அந்த மேடை, அம்புட்டுத்தான்" என்று மதினி சொல்வாள். வாய்ச்சொல் இல்லை அது. தவக்காலம் பிறந்தால் குளிர்ந்த தண்ணீர் குடிக்க மாட்டாள், பூத்தில் யாரோடும் சத்தம் போட்டுப் பேச மாட்டாள். அண்ணனைத் திட்டுவதைக்கூட ஈஸ்டருக்குத் தள்ளி வைத்துவிடுவாள்.

கோவில் குழாய் ஸ்பீக்கரில் அந்த வாசிப்பு நாலு தெருவுக்குக் கேட்கும். அதைக் கேட்டுத்தான் பீர் முகமது பாய் மதினியைத் தேடி பூத்துக்கு வந்தார். பாய் எங்கள் பக்கம் 'நிலா கேபிள்' நடத்தியவர். வீட்டு மாடியில் ஓர் அறை. அதற்குள் டெக்கும் ஒயரும் போக மிச்ச இடத்தில் மூன்று பேர் இடித்துக்கொண்டு நிற்கலாம். அவருடைய சொந்தச் சேனலில் வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு பேய்ப்படம். இங்கிலீஷில் இருந்து டப்பிங் செய்தது, மலையாளத்தில் இருந்து வந்தது, எது கிடைத்தாலும் போடுவார். அதில்தான் ஒரு வில்லங்கம். அந்தக் காலத்தில் ஒரு படம் இரண்டு சி.டி.யாக வரும். முதலாவது முடிந்து அடுத்ததை எடுத்துப் போடுவதற்குள் டி.வி. வெறும் நீலமாக நிற்கும். குடும்பப் படமென்றால் அந்த நேரத்தில் ஜனங்கள் தண்ணீர் குடிக்கப் போவார்கள். பேய் வந்து கதவைத் தட்டுகிற நேரத்தில் திரை நீலமானால் சும்மா இருப்பார்களா? போன் மேல் போன். மறுநாள் ரோட்டில் நிறுத்தி வைத்து, "ஏன் பாய், உள்ள வந்துச்சா வரலையா?" என்று கேட்பார்கள். அதற்குள் பாதிப் பேர் சேனலை மாற்றியிருப்பார்கள்.

பாய் வந்தபோது நான் பூத்தில்தான் இருந்தேன்.

"ஏம்மா தங்கச்சி, பெரிய வெள்ளியன்னிக்கு ஒங்க கோவில்ல வாசிச்சது நீயா?"

"ஆமா பாய். சத்தம் ரொம்பத் தொந்தரவா இருந்துச்சோ?"

"தொந்தரவா! மாடியில ஒயரு சுத்திக்கிட்டிருந்தேன். கை அப்பிடியே நின்னுபோச்சு. எங்க கிதாபுல அந்தக் கதை வேற மாதிரிம்மா. ஆனாலும் புல்லரிச்சுப் போச்சு. வெள்ளிக்கிழம நான் சி.டி. மாத்துற நேரத்துக்கு நீ வந்து டி.வி.யில செத்த நேரம் பேசணும்."

"நானா? என்னத்தப் பேச?"

"என்னத்தையாச்சும் பேசு. சனத்த எந்திரிச்சுப் போகவிடாத. அம்புட்டுத்தான்."

அன்று வீட்டில் பெரிய ரகளை. "வெள்ளச் சீலையக் கட்டிக்கிட்டு, தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, என் பொண்டாட்டி ஊருக்கெல்லாம் பேயா வரணுமாக்கும்?" என்று அண்ணன் குதித்தார்.

மதினி இட்லி மாவைக் கரைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "யாரு பேயா வாரேன்னு சொன்னா? நான் பேய வச்சு வேலை வாங்கப் போறவ. மொதலாளியம்மா மாதிரித்தான் போவேன்."

அப்படியேதான் போனாள். பூசைக்குக் கட்டுகிற சின்னாளபட்டிச் சேலை, தலை நிறைய மல்லிகை. பின்னால் தொங்கிய கறுப்புத் திரை என் கைவேலை. பிளவுஸ் லைனிங் துணியை ஒட்டுப்போட்டு நான்தான் தைத்துக் கொடுத்தேன். கரண்ட் போனால் ஏற்றுகிற எமர்ஜென்சி லைட்டை மடியில் வைத்து முகத்தின் மேல் அடிக்கும்படி திருப்பிக்கொண்டாள். கையில் பிடிக்க ஏதாவது பயங்கரமாக வேண்டும், ஒரு மண்டையோடு கிடைத்தால் நல்லது என்று பாய் கேட்டார். "மண்டையோட்டுக்கு நான் எந்தச் சுடுகாட்டுக்குப் போக?" என்ற மதினி, வீட்டு வாசலில் தொங்கிய மாங்காய்ப் பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பலன், வெள்ளிக்கிழமை வந்தால் எங்கள் வீட்டுக்குப் பூட்டு கிடையாது. பொண்டாட்டி டி.வி.யில் வருவதை டி.வி.யில் பார்க்கக்கூட முடியாமல் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொள்வார்.

முதல் நாள் நான் திரையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். முதல் சி.டி. முடிந்தது. பாய் சுவிட்சைத் தட்டிவிட்டு, பேசு பேசு என்று கையைக் காட்டினார். மதினிக்கு வாய் திறக்கவில்லை. வீட்டில் எட்டுத் தடவை சொல்லிப் பார்த்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. கை மட்டும் தன்பாட்டுக்கு மாங்காய்ப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பாய்க்கு வேர்த்துக் கொட்டியது. அப்போது மதினி கேமராவைப் பார்த்து, பெரிய வெள்ளியன்று வாசிக்கிற அதே குரலில், மெதுவாகக் கேட்டாள்.

"கதவப் பூட்டியாச்சா?"

பூட்டை ஒரு இழு இழுத்தாள். அது 'கடக்' என்றது.

"இழுத்துப் பாத்தியா?"

அம்மாடி! பக்கத்து அறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த பாயின் மனைவி குர்ஷித் பேகம் தடதடவென்று எழுந்து ஓடி மாடிக் கதவை இழுத்துப் பார்க்கிற சத்தம் எங்களுக்கே கேட்டது. அதற்குள் இரண்டாவது சி.டி. ஓட ஆரம்பித்துவிட்டது. இரண்டே இரண்டு கேள்வி, அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் காலையில் பூத்தைத் திறக்கவில்லை, அதற்குள் வாசலில் நாலு பேர். "யக்கா, நேத்து எந்திரிச்சுப் போயி ரெண்டு தடவ இழுத்துப் பாத்தேங்க்கா" என்று ஒருத்தி நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள். மதினியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அதற்கப்புறம் மதினி நன்றாகத் தேறிவிட்டாள். சி.டி. மாற்றுகிற நேரம் போதாதென்று படத்துக்கு முன்னால் கொஞ்சம், முடிந்தபின் கொஞ்சம் என்று பாய் நேரம் கூட்டிக் கொடுத்தார். படத்தில் வருகிறவர்களை அவள் உறவுக்காரர்களைத் திட்டுவதுபோலத் திட்டுவாள். "பாழடஞ்ச பங்களான்னு தெரியுதுல்ல? ராத்திரியில ஒத்தையில அங்க ஒனக்கு என்னடி சோலி? வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்பாள். டப்பிங்கில் ஒரு வெள்ளைக்காரப் பேய் சுத்தமான தமிழில் பேசியது. "பாத்தியளா, அதுகூட நம்ம பாசைய மரியாதையாப் பேசுது. என் வீட்டுக்காரரு பேச மாட்டேங்குறாரு" என்றாள். வாசலில் காவல் இருந்த அண்ணனுக்கு அது ஜன்னல் வழியாகக் கேட்டது. அந்த வாரம் முழுக்க அவர் மரியாதையாகப் பேசினார்.

பேய் எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள், அதுதான் பெரிய விசேஷம். "அடுத்தாப்புல கெணத்தடி வரும். சின்னப் புள்ளைக இருந்தா கண்ணப் பொத்துங்க. பெரியாளுகளும் பொத்திக்கலாம், யாரு பாக்கப் போறா?" படத்தின் சுவையே போய்விடும் என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார். போகவில்லை. எங்கே வரும் என்று தெரிந்தபிறகுதான் ஜனங்கள் ஆசையாகப் பயந்தார்கள். தனியாகப் பயப்பட யாருக்குப் பிடிக்கும்? கூட ஒரு ஆள் இருந்து, அந்த ஆள் பயப்படாமல் இருந்தால், பயத்திலும் ஒரு ருசி இருக்கிறது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. திரையைப் பிடித்துக்கொண்டு நின்றே தெரிந்துகொண்டேன்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவரின் மனைவி ஒருத்தி வாராவாரம் பூத்துக்கு வருவாள். புருசன் வெள்ளிக்கிழமை வீட்டில் இருக்க மாட்டார். "ஏனுங்க்கா, நீங்க பேசுறப்பத்தான் எங்கூட்ல ஒரு ஆளு இருக்கற மாதிரி இருக்குதுங்க" என்று மதினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மதினிக்குக் கண் கலங்கிவிட்டது. சிறுமலைக்காரர் ஒருவர் மலை வாழைப்பழத் தாரோடு வந்து இறங்கினார். மலையில் கேபிள் கிடையாது, மச்சான் வீட்டுக்கு வந்தபோது பார்த்தாராம். பழநி பஸ் கண்டக்டர் கதவைச் சாத்தியதும் படியில் நிற்பவனைப் பார்த்து, "இழுத்துப் பாத்தியா?" என்று கேட்பார். பஸ்ஸே சிரிக்கும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சைப் போட்டு நிமிர்ந்ததும், கூட நின்ற சேக்காளி காதோரமாக அதையே கேட்டிருக்கிறான். மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்ததை, ஆனந்தக் கண்ணீர் என்று வீடியோக்காரர் படமெடுத்துவிட்டார்.

இப்படி ஊரெல்லாம் கொண்டாடியது, எங்கள் கோவில் பங்கைத் தவிர என்று சொல்ல மாட்டேன். பங்கிலும் கொண்டாடத்தான் செய்தார்கள். ஆனால் பங்குப் பேரவைக்குச் செயலாளர் கிளெமென்ட் வாத்தியார். ரிட்டயர்டு தலைமையாசிரியர், இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட பேச்சு. தன் வீட்டில் கேபிள் கனெக்சனே கிடையாது என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவருடைய மனைவி லிடியா டீச்சர் வெள்ளிக்கிழமை தவறாமல் பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போய், படம் முடிந்தபிறகுதான் கறிவேப்பிலையோடு திரும்பி வருவார் என்பது தெருவுக்கே தெரியும். வாத்தியாருக்கு மட்டும் தெரியாது.

இரண்டாயிரத்து இரண்டு தவக்காலத்தில் பேரவை கூடியது. பெரிய வெள்ளிக்கு யார் யாருக்கு என்ன வேலை என்று பேசுகிற கூட்டம். பூசை வைக்கிற பங்குச்சாமி நடுவில் இருந்தார். மதினியின் பெயர் வந்ததும் வாத்தியார் எழுந்தார்.

"செபஸ்தியம்மாளப் பத்தித் தப்பா ஒரு வார்த்த சொல்ல மாட்டேன், சாமி. தவக்கால வெள்ளிக்கிழமைன்னு அந்தப் படத்தக்கூட சனிக்கிழமைக்கு மாத்தி வச்சிருக்கு. அதெல்லாம் சரி. ஆனா இப்ப அந்தப் புள்ள முகத்தப் பாத்தா சனத்துக்கு என்ன ஞாபகம் வரும்? பேய். கொரலக் கேட்டா? பேய். ஆண்டவர் உயிர் விடுற எடத்துல எவனாச்சும் ஒருத்தன் 'இழுத்துப் பாத்தியா'ன்னு சொல்லி, கோவிலே கெக்கெக்கேன்னு சிரிச்சா என்ன பண்றது? கேபிள விடட்டும். இல்லைன்னா வாசிக்கிறத விடட்டும்."

எனக்கு வந்ததே கோபம்! "சார், கறிவேப்பில..." என்று வாயைத் திறந்தேன். மதினி என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். கன்றிப்போன இடம் ஒரு வாரம் வலித்தது.

சாமி நல்ல மனிதர். மதினியின் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

மதினி எழுந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"ரெண்டுக்கும் எங்கிட்ட இருக்கது ஒரு வாய்தான் சாமி. அங்க பயந்துபோயி இருக்கவுகளோட ஒக்காந்து பேசுறேன். இங்க அழுகுறவுகளோட நிக்கிறேன். எதையும் விட மாட்டேன். ஆனா வாத்தியார் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. ஆண்டவர் பாடுல சிரிப்பு வந்துறக் கூடாது. ஒருத்தர், ஒரே ஒருத்தர் சிரிச்சாலும் அந்த எடத்துலயே புத்தகத்த மூடி வச்சுட்டு எறங்கிர்றேன். அதுக்கப்புறம் செத்தாலும் அந்த மேடைய ஏற மாட்டேன்."

எனக்குப் பகீர் என்றது. சாமி, "சரி, அப்படியே ஆகட்டும்" என்றார். வாத்தியாரும் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும்தான் மதினி உட்கார்ந்து அழுதாள். "எம்புட்டுப் பேரு வருவாக. அதுல ஒருத்தர் வாய நான் எப்புடிப் புடிச்சு வைக்க முடியும் ஐரினு? என் வாயாலேயே கெடுத்துக்கிட்டேனே" என்றாள். அண்ணன், "அந்தக் கேபிளத்தான் விட்டுத்தொலையேன்" என்றார். பாய்கூட வந்து, "தங்கச்சி, எனக்காகப் பாக்காத. வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, வேறு ஆள் கிடையாது என்று.

"விட்டா, நான் என்னமோ தப்புப் பண்ணுன மாதிரி ஆயிரும் பாய்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மதினி. "நான் ஒண்ணும் தப்புப் பண்ணல."

தெருத் தெருவாகப் போய், சிரித்தால் பல்லைக் கழற்றிவிடுவேன் என்று எல்லோரையும் மிரட்டி வைக்கிறேன் என்றேன் நான். "ஏ டெய்லரம்மா, ஊரு வாயையும் நீ தச்சுருவியாக்கும்?" என்று அந்த அழுகையிலும் கேட்டாள்.

பெரிய வெள்ளி வந்தது. மதியத்துக்கு மேலே கோவிலில் கால் வைக்க இடமில்லை. வெயில் ஜன்னல் வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. மதினி வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். துக்க நாளுக்கு எல்லோரும் கட்டுவதுதான். ஆனால் அன்றைக்கு அந்த வெள்ளைச் சேலையைப் பார்த்து எனக்கே திக்கென்றது. கடவுளே, பேயை நினைத்துவிடப் போகிறார்களே! அவள் மேடையேறும்போது பின்வரிசையில் இளவட்டங்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொள்வதைப் பார்த்தேன். ஒருவன் உதட்டைக் கடித்தான். திரும்பி அவனை ஒரு முறை முறைத்தேன். வாத்தியார் மேடைக்குப் பக்கத்திலேயே, ஜனங்களைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மதினி வாசிக்கத் தொடங்கினாள். முதல் பக்கம் குரல் கொஞ்சம் தடுமாறியது. தோட்டத்தில் ஆண்டவர் தனியாக வேர்த்துக்கிடக்கிற இடம் வந்தது. கூட வந்தவர்கள் தூங்கிவிடுகிறார்கள், பயந்தவருக்குத் துணைக்கு ஒருவருமில்லை. அந்த இடத்தை அதற்கு முன் எத்தனையோ தடவை அவள் வாசித்திருக்கிறாள், அன்றைக்கு வாசித்ததுபோல் வாசித்ததில்லை. புருசன் வேலைக்குப் போன வீட்டில் ஒற்றையில் உட்கார்ந்திருக்கிறவளின் பயத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிய குரல் அது. பின்வரிசையில் உதட்டைக் கடித்தவன் தலையைத் தொங்கப்போட்டான். சிலுவையடியில் தாய் நிற்கிற இடத்தில் எனக்கே ஒன்றும் தெரியவில்லை, கண்ணை மறைத்துவிட்டது. ஆண்கள் பக்கம் வழக்கமான ஜலதோஷம். நான் மனசுக்குள், இன்னும் கொஞ்சந்தான் மதினி, இன்னும் கொஞ்சந்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். உடலைக் கல்லறையில் வைக்கிறார்கள். பெரிய கல்லை உருட்டி வாசலை அடைக்கிறார்கள். யாரும் திறந்துவிடக் கூடாதென்று கல்லுக்கு முத்திரை போடுகிறார்கள், காவலும் வைக்கிறார்கள். அந்த இடத்தில் மூச்சு வாங்குவதற்காக மதினி நிறுத்தினாள். எல்லா வருசமும் நிறுத்துகிற இடந்தான். கோவில் அப்படியே அமைதியாக இருந்தது.

அந்த அமைதியில், பெண்கள் பக்கம் முன்வரிசையிலிருந்து, அழுது அடைத்துப்போன ஒரு குரல் தன்னை மறந்து கேட்டது.

"இழுத்துப் பாத்தாகளா?"

லிடியா டீச்சர்!

எனக்கு உயிரே போய்விட்டது. முடிந்தது கதை, சிரிக்கப் போகிறார்கள் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். டீச்சர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு மலங்க மலங்க விழித்தார். வாத்தியார் முகத்தில் ரத்தமே இல்லை. மதினி புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். வாசிப்பின் நடுவே அவள் ஒருநாளும் நிமிர்ந்ததில்லை. டீச்சரைப் பார்த்தாள். புத்தகத்தில் இல்லாத வார்த்தையை அந்த மேடையில் அவள் பேசியது அன்றைக்கு மட்டுந்தான்.

"இல்ல டீச்சர்" என்றாள் மெதுவாக. "ஒருத்தனும் இழுத்துப் பாக்கல."

கோவில் முழுக்க ஒரு மூச்சு விட்ட சத்தம் கேட்டது. சிரிப்பில்லை. அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கல்லை வைத்தவனும், முத்திரை போட்டவனும், காவல் இருந்தவனும் இழுத்துப் பார்க்காமல் போயிருக்கிறார்கள். பூட்டின் கதி அப்புறம் என்னவென்று எங்கள் ஊர் ஜனத்துக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கல் புரண்டு ஆண்டவர் எழுந்து வரப்போகிறாரென்று வெள்ளிக்கிழமையே எல்லோர் முகத்திலும் தெரிந்தது. மதினி மிச்சமிருந்த நாலு வரியையும் வாசித்து முடித்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தலை குனியாமல் இறங்கி வந்தாள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவளுடைய முதுகு நனைந்து தெப்பமாக இருந்தது. கோவிலென்றும் பார்க்காமல், "என் மதினிடா!" என்று கத்தத் தோன்றியது எனக்கு.

ஆனாலும் மனசு அடித்துக்கொண்டேதான் இருந்தது. சிரிக்கவில்லை, சரி. வாத்தியார் பயந்த அதே வார்த்தை, அதே கோவிலில் வந்துவிட்டதே! இதற்கு என்ன சொல்லப் போகிறாரோ?

ஈஸ்டர் ஞாயிறு காலைப் பூசை முடிந்து வெளியே வந்தோம். வாசலில் வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரிச் சட்டை, கையைக் கட்டிக்கொண்டு. பக்கத்தில் லிடியா டீச்சர் தரையைப் பார்த்தபடி. கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. மதினி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"செபஸ்தி" என்றார் வாத்தியார், வகுப்பில் பேர் கூப்பிடுகிற குரலில். "கல்ல வச்சானுங்க. முத்திரைய வச்சானுங்க. காவலும் போட்டானுங்க. மடப்பயலுக... ஒருத்தனாச்சும்..."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. உதடு கோணியது. தோள் குலுங்கியது. கிளெமென்ட் வாத்தியார், எங்கள் பங்கில் யாரும் பல்லைப் பார்த்திராத கிளெமென்ட் வாத்தியார், தலையைத் தூக்கிச் சிரித்தார். டீச்சர் சிரித்தார். பின்வரிசைப் பயல்கள் சிரித்தார்கள், சாமி படியில் நின்றபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெள்ளிக்கிழமை வராத சிரிப்பெல்லாம் சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில் வாசலில் வந்தது.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மொதல்ல சிரிச்சது நான்தாம்மா, ஒத்துக்கிறேன். ஆனா இன்னைக்குச் சிரிக்கலாம். அதனால நீ எறங்க வேண்டியதில்ல."

"எறங்கச் சொன்னாலும் இனிமே எறங்க மாட்டேன் சார்" என்றாள் என் மதினி.